சத்தமில்லாத பம்புகள்

ஜூன் 3, திங்கள்

காலை எட்டு மணிக்கே மீட்டிங். முதலாளி மோகன்ராஜ் நின்றுகொண்டே பேசினார். அவர் உட்காராமல் பேசினால் விஷயம் பெரிது. நாங்கள் செய்து அனுப்பும் வீட்டு மோட்டார் பம்புகளில் போன வருஷம் நூற்றுக்கு ஒன்று திரும்பி வந்தது. இந்த வருஷம் ஜனவரியிலிருந்து நூற்றுக்கு நான்கு வருகிறது. அதில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான்: ஓடும்போது கீச்சென்று சத்தம்.

காரணம் கண்டுபிடிக்க ஒரு பெண்ணை வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். பெயர் ஷெர்லின், ஊர் நாகர்கோவில் பக்கம். இருபத்தெட்டு வயது இருக்கும். போர்டில் ஒரு கோடு வரைந்து காட்டினாள். கோடு ஏறிக்கொண்டே போகிறது. என்னோடு டெஸ்டிங்கில் இருக்கும் குமரேசன் என்னைப் பார்த்தான், நான் கோட்டைப் பார்த்தேன்.

எனக்கு ஒன்றும் பதற்றம் இல்லை. இந்தக் கம்பெனியில் பம்ப் வெளியே போகும் முன் அதைக் கடைசியாகக் கேட்பது டெஸ்டிங் பெஞ்ச். அந்தப் பெஞ்சில் இருபத்தாறு வருஷமாக இருக்கிறேன். ஓட விடுவேன், கேட்பேன், சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவேன். என்னை வேலைக்கு எடுத்த மோகன்ராஜின் அப்பா, "திருமூர்த்தி காதுக்குத் தப்பி ஒண்ணும் போகாது" என்று நாலு பேர் முன்னால் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கலாவதி சண்டை. கோயிலுக்குப் போய்விட்டு வந்து மூன்று தடவை பெல் அடித்தாளாம், நான் கதவைத் திறக்கவில்லையாம். பெல்லில் பேட்டரி தீர்ந்திருக்கும். நாளைக்கு வாங்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

பேட்டரி மாற்றினேன்.

ஷெர்லின் என் பெஞ்ச் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கையில் ஸ்டாப்வாட்ச், மடியில் நோட்டு. ஒரு பம்ப் ஸ்டோரில் கிளம்பி லாரி ஏறுகிற வரை எத்தனை கை மாறுகிறது, எங்கே எவ்வளவு நேரம் சும்மா நிற்கிறது என்று எழுதுகிறாளாம்.

"ஒரு பம்ப் கேட்டு முடிக்க உங்களுக்குப் பதினோரு செகண்டு ஆகுது சார். குமரேசன் சாருக்கு இருபத்திரண்டு."

"அனுபவம்மா" என்றேன்.

"நல்ல பம்புன்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?"

"கேட்டாத் தெரியும்."

"அதை எழுதி வைக்கணும்னா எப்படி எழுதுறது சார்?"

தெரியாததை மறைத்துச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் பெண்ணின் பேச்சு தெளிவு. எதிரே வந்து முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். இங்கே இருக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் குனிந்துகொண்டு வாய்க்குள்ளேயே முனகுகிறார்கள்.

ஜூன் 7, வெள்ளி

கொசுவர்த்தி வாங்கி வரச் சொன்னாள் கலாவதி. கை முழுக்கத் தடிப்பு. எனக்கு ஒரு கொசுவும் கேட்கவில்லை. இந்த வருஷம் கொசு குறைவுதான்.

ஜூன் 8, சனி

பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கு முன்னால் பம்புகள் மூன்று மணி நேரம் தரையில் கிடக்கின்றன என்று ஷெர்லின் நேற்றே கணக்குக் காட்டியிருந்தாள். அங்கே ஒரு ரேக் வைத்து, பெயிண்ட் ஆட்களை இன்று அரை மணி முன்னதாக வரச் சொன்னார்கள். அவ்வளவுதான், மாலைக்குள் தரை காலி. இத்தனை வருஷம் அந்தப் பம்புகளைத் தாண்டித் தாண்டித்தான் நான் டீ குடிக்கப் போனேன். எனக்குத் தோன்றவில்லை. பாராட்டாமல் இருக்க முடியவில்லை.

மதியம், திரும்பி வந்த பம்புகளில் பன்னிரண்டைப் பிரித்தார்கள். ஒன்பதில் பேரிங் கெட்டிருக்கிறது. ஷாஃப்டில் பேரிங்கை ஏற்றும்போது கோணலாக ஏறியிருக்கிறது என்றாள். பேரிங் ஏற்றும் பிரஸ்ஸில் போன டிசம்பரிலிருந்து நிற்பது துளசிமணி. என் பெஞ்சுக்கு இடது பக்கம்தான் அவள் மெஷின். அமைதியானவள். முப்பத்தெட்டு வயது, கணவர் இல்லை. தற்காலிக வேலைதான். இந்த மாதக் கடைசியில் நிரந்தரம் ஆக வேண்டும்.

எல்லோரும் பிரஸ் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அடுத்த பேரிங்கை எடுத்தாள்.

ஜூன் 9, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் சுகன்யா பேசினாள். லைன் சரியில்லை. அவள் ஏதோ சொல்ல, "ரொம்ப சந்தோஷம் கண்ணு" என்றேன். கலாவதி போனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பிறகுதான் சொன்னாள். சம்பந்தியம்மா வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார்களாம்.

இந்த போன் கம்பெனியை மாற்ற வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

இன்றைக்கு நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன்.

ஷெர்லின் மூன்று நாள் பிரஸ் பக்கத்தில் நின்று ஒவ்வொரு ஷாஃப்டையும் அளந்திருக்கிறாள். நூற்றுக்கு ஐந்து கோணல். முதலாளி அறையில் துளசிமணியையும் என்னையும் கூப்பிட்டார்கள். லைனில் சீனியர் நான். மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் ஆட்கள் என்னிடம் சொல்ல வேண்டும், நான் மெயிண்டனன்ஸுக்குச் சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம்.

மோகன்ராஜ் கோபத்திலும் மரியாதை குறையாமல்தான் பேசுவார். "நீங்க வந்ததுக்கு அப்புறம்தானுங்க இது ஆரம்பிச்சிருக்குது. என்ன காரணம்னு சொல்லுங்க."

துளசிமணி மேஜையைப் பார்த்தபடி சொன்னாள். "பிரஸ்ல ஷாஃப்ட நேராப் புடிக்கற வளையம், அந்தப் புஷ், ஆடுதுங்க. ஜனவரிலயே அண்ணன்கிட்ட ரெண்டு தடவ சொன்னனுங்க."

நான் மேஜைக்கு எதிர்ப் பக்கம் இருந்தேன். அறையில் ஏசி இரைந்துகொண்டிருந்தது. "என்ன சொல்றாங்க?" என்று ஷெர்லினிடம் கேட்டேன். அவள் திருப்பிச் சொன்னாள்.

"எங்கிட்டச் சொல்லலீங்க" என்றேன்.

துளசிமணி அப்போதுதான் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "சரீன்னு தலையாட்டுனீங்களேண்ணா."

"சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்குமுங்க" என்று முதலாளியைப் பார்த்துச் சொன்னேன். அது உண்மை. சொன்னதாக எனக்கு எந்த ஞாபகமும் இல்லை. இருபத்தாறு வருஷத்தில் ஒரு புகாரையும் நான் அமுக்கியதில்லை.

முதலாளி, மாதக் கடைசியோடு துளசிமணியை நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அவள் அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மறுபடி மெஷினில் நின்றாள்.

வயிறு சரியில்லை என்று சொல்லிச் சாப்பிடாமல் படுத்துவிட்டேன்.

ஜூன் 15, சனி

விடுமுறை இல்லை, வேலை இருந்தது. பிரஸ் பக்கம் பார்க்கவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

ஷெர்லின் விடுகிற ஆள் இல்லை. முதலாளியிடமே சொல்லிவிட்டாள். "சார், தப்பு நடக்குற இடம் ஒண்ணு. அது தப்பிச்சு வெளியே போற இடம் இன்னொண்ணு. நூத்துக்கு அஞ்சு கோணலா ஏறினாலும் டெஸ்டிங்ல மாட்டியிருக்கணும்லா? ஏன் மாட்டல? அதையும் பாக்கணும்."

எப்படிப் பார்ப்பது என்றால் இப்படி: முப்பது பம்பு. அதில் எத்தனை சத்தமுள்ளவை என்று அவளுக்கு மட்டும் தெரியும். அதிர்வை அளக்கும் மீட்டர் ஒன்றை ஒரு காலேஜிலிருந்து இரவல் வாங்கி முன்கூட்டியே அளந்து வைத்துவிடுவாள். நம்பரை மறைத்துவிடுவாள். டெஸ்டிங் ஆட்களான நானும் குமரேசனும் ரஹீமும் தனித்தனியாகக் கேட்டு நல்லது, கெட்டது என்று எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து வரிசையை மாற்றி வைத்து மறுபடியும் கேட்க வேண்டும்.

"எங்களுக்குப் பரீட்சையா?" என்றேன்.

"உங்களுக்கு இல்ல சார். டெஸ்டிங்குக்கு. தராசுல ஏதாவது நிறுக்கறதுக்கு முன்னாடி தராசு சரியா இருக்கான்னு பாப்போமில்லயா, அதுமாதிரி."

தராசுக்கு ஐம்பத்து நாலு வயது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 19, புதன்

லீவு போட்டேன். வயிறு.

காந்திபுரத்தில் கொஞ்சம் வேலை இருந்தது. மாடியில் காது மூக்கு தொண்டை டாக்டர் போர்டு போட்ட ஒரு கட்டடத்துக்கு எதிரே டீக்கடை. அங்கே இரண்டு டீ குடித்தேன். பத்தரைக்குப் போனவன் பன்னிரண்டரைக்குத் திரும்பினேன். கூட்டம் அதிகம் போலிருந்தது.

கலாவதி எங்கே போனீர்கள் என்று கேட்டாள். காந்திபுரத்தில் ஒரு வேலை என்றேன்.

ஜூன் 20, வியாழன்

முதல் சுற்று முடிந்தது. முப்பது பம்பும் கேட்டேன். இரண்டைத் தவிர எல்லாம் ஒரே மாதிரி ஓடின. நன்றாகச் செய்திருக்கிறார்கள்.

குமரேசன் உள்ளே போனபோது கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ஒரு பம்ப்பை ஓடவிட்டதுமே அவன் முகம் சுருங்கியது. உடனே எழுதினான். அதே பம்ப்பில் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

ஜூன் 22, சனி

இரண்டாவது சுற்று. இந்தத் தடவை பம்ப்பின் உடம்பில் கை வைத்துப் பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் நுனியைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். பழைய ஆட்கள் செய்வதுதான். கொஞ்சம் கிடைத்தது. எல்லாம் கிடைக்கவில்லை. வியர்த்துவிட்டது.

ஷெர்லின் தாளை வாங்கிக்கொண்டாள். அவள் முகத்திலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை. "திங்கட்கிழமை பாக்கலாம் சார்" என்றாள்.

ஜூன் 23, ஞாயிறு

உழவர் சந்தைக்கு நானே போனேன். கத்தரிக்காய், வெண்டைக்காய், ஒரு கட்டு முருங்கைக்கீரை. தராசுச் சத்தம், ஆட்களின் கூச்சல். கீரைக்காரியிடம் சில்லறை வாங்கும்போது பக்கத்தில் யாரோ பேசுவது தெரிந்தது. துளசிமணி. கையில் பை. என்னைப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சந்தையில் பார்த்தால் சௌக்கியமா என்றுதானே கேட்பார்கள். நான் தலையாட்டினேன்.

அவள் நிறுத்தினாள். என்னையே பார்த்தாள். பிறகு ஓரமாக, சைக்கிள் நிறுத்தும் இடத்துக்கு வரச் சொல்லிக் கையைக் காட்டினாள். போனேன்.

எதிரே நின்று, சத்தமாக, நிதானமாகக் கேட்டாள். "நான் இப்ப என்ன கேட்டேனுங்ண்ணா?"

"சௌக்கியமான்னு..."

"மாசக் கடைசில என்னைய நிறுத்தறாங்களே, உங்களுக்குத் தெரிஞ்ச வேற கம்பெனி ஏதாவது இருக்குதான்னு கேட்டேன். நீங்க சந்தோஷமாத் தலையாட்டுனீங்க."

கையிலிருந்த கீரைக் கட்டைப் பைக்குள் திணித்தேன்.

"ஜனவரிலயும் இப்படித்தானுங்ண்ணா ஆட்டுனீங்க. அதே மாதிரி." அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள்: "காது கேக்கறதில்லீங்களா?"

ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருவன் சைக்கிள் எடுக்க எங்களை நகரச் சொன்னான். நான் நகர்ந்தேன். நன்றாகக் கேட்கிறது என்று சொல்ல வாய்வரை வந்தது. இதுவரை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! ஆனால் அவளிடம் அந்தப் பொய்யை இன்னொரு தடவை சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவள் கையில் இருந்த பையில் ஒரு முட்டைக்கோஸ் மட்டும்தான் இருந்தது.

"இல்லம்மா" என்றேன். "சரியாக் கேக்கறதில்ல."

யாரிடமும் சொன்னதில்லை. இந்த நோட்டில்கூட எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. ஒரு வருஷமாக. அதற்கும் மேலேயே இருக்கும்.

அவள், "அதச் சொல்லியிருக்கலாமுல்லீங்ண்ணா" என்றாள். அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

காய்ப் பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கலாவதி என்ன என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நான் பேசறதே உங்களுக்குப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தேனுங்க. ஒரு வருஷமா."

ஜூன் 24, திங்கள்

ஏழரைக்கே போய் ஷெர்லினுக்காகக் காத்திருந்தேன். அவள் வந்து ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அதில் ஒரு வாக்கியமும் வரவில்லை. "என் காது போயிருச்சும்மா. அந்தப் பொண்ணு சொன்னது நெசம்" என்று மட்டும் வந்தது.

அவள் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள். முப்பதில் சத்தமுள்ள பம்புகள் பத்து. குமரேசன் இரண்டு சுற்றிலும் ஒன்பது பிடித்திருக்கிறான். ரஹீம் எட்டு, ஒன்பது. நான் முதல் சுற்றில் இரண்டு. ஸ்க்ரூடிரைவர் வைத்துக் கேட்ட இரண்டாவது சுற்றில் நான்கு.

"சனிக்கிழமையே தெரியும் சார். உங்ககிட்ட எப்படிச் சொல்லுறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சிட்டு இருந்தேன். எங்க அம்மாகிட்டகூடக் கேட்டேன்." பெருமூச்சு விட்டாள். "நீங்களே சொல்லிட்டீங்க."

"முதலாளிகிட்ட நானே சொல்றேன்" என்றேன்.

மோகன்ராஜ் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும் எழுந்துவிட்டார்.

"எத்தன நாளாங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேலங்க."

"ஒரு வருஷம்! எத்தன வீட்டுக்குப் போயிருக்கும்? ஊர் பூராவும் நம்ம பேரச் சொல்லித் திட்டிட்டு இருக்கறாங்க. அந்தம்மாவ வேலைய விட்டு நிறுத்தச் சொல்லிட்டேன். நீங்க பாத்துட்டு உக்காந்திருந்தீங்க. ஏனுங்க சொல்லல?"

"சொன்னா என்னைய எங்க வெப்பீங்கன்னு தெரியலீங்க. எனக்குத் தெரிஞ்ச வேல கேக்கறதுதானுங்க."

அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். விசித்திரம் என்னவென்றால், அப்போதுகூட நெஞ்சில் பாரம் இல்லை. போன வாரம் முழுக்க இருந்த பாரம், சனிக்கிழமை வரை இருந்த பாரம், எங்கேயோ இறங்கிவிட்டிருந்தது.

திரும்பி வந்து, "மொதல்ல அந்தப் புஷ்ஷக் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

கழற்றினார்கள். ஒரு பக்கம் தேய்ந்து, உள்ளே போகிற ஷாஃப்ட் ஆடியது. மெயிண்டனன்ஸ்காரன் விரலை விட்டுக் காட்டினான். புது புஷ் போட்டு ஐம்பது பேரிங் ஏற்றச் சொன்னார்கள். துளசிமணி ஏற்றினாள். ஷெர்லின் ஒவ்வொன்றாக அளந்தாள். ஐம்பதும் நேர்.

லைன் ஆட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். நான் முன்னால் போனேன். "துளசிமணி எங்கிட்டச் சொன்னாங்க. எனக்குக் காதுல விழல. விழலைன்னு ஒத்துக்காம, சொல்லலைன்னு சொல்லிட்டேன். தப்பு என்னுது." சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கும்பிட்டேன்.

"அய்யோ, விடுங்ண்ணா" என்று அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள்.

ஜூன் 26, புதன்

அதே காந்திபுரம் கட்டடம். இந்தத் தடவை கலாவதி கூட வந்தாள். டீக்கடைப் பக்கம் திரும்பவில்லை.

கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் ஒன்றும் வரவில்லையே என்று உட்கார்ந்திருந்தேன். வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா ஒரு தாளில் கோடு காட்டினார்கள். தாளின் இடது பக்கம் தட்டையாகப் போய், வலது பக்கம் மலையிலிருந்து உருண்ட மாதிரி இறங்குகிறது. கனமான சத்தம் கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தம் கேட்காது. வயதும் காரணம், இத்தனை வருஷ இரைச்சலும் காரணம். திரும்ப வராது. ஆனால் காதில் மெஷின் வைத்தால் வீட்டில் பேச்சுக்குக் கஷ்டம் இருக்காது என்றார்கள்.

"இதுக்கு மேல மோசமாகுமாங்க?" என்று கலாவதி கேட்டாள்.

"இரைச்சல்ல காதை அடைச்சுக்கிட்டா அவ்வளவா ஆகாதும்மா."

வெளியே வந்து இரண்டு பேரும் இளநீர் குடித்தோம். உள்ளே ஏதோ பெரிய வியாதி என்று சொல்லிவிடுவார்களோ என்று அவள் மூன்று நாளாகத் தூங்கவில்லையாம். எனக்குச் சொல்லவேயில்லை. நானும் அவளைக் கேட்கவில்லை.

ஜூலை 1, திங்கள்

துளசிமணிக்கு நிரந்தர ஆர்டர் கொடுத்தார்கள். காலையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தாள். என் கையில் இரண்டு வைத்தாள்.

கம்பெனியில் சில மாற்றங்கள். அதிர்வு மீட்டர் ஒன்று சொந்தமாக வாங்கிவிட்டார்கள். இந்த அளவுக்கு மேல் போனால் பம்ப் நிற்க வேண்டும் என்று ஷெர்லின் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். டெஸ்டிங் ஆட்கள் எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை காதுப் பரிசோதனை. குமரேசன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "பயப்படாதப்பா, வலிக்காது" என்றேன். எல்லோருக்கும் காதடைப்பானும் வந்துவிட்டது.

இன்னொன்று. மெஷினில் கோளாறு என்றால் இனி வாயால் சொன்னால் மட்டும் போதாது. சிவப்புக் கார்டில் எழுதி மெஷின் மேலேயே தொங்கவிட வேண்டும். யார் பார்த்தார்கள், என்றைக்குச் சரிசெய்தார்கள் என்று அதிலேயே கையெழுத்து. அது வரை கார்டை எடுக்கக்கூடாது.

என் சங்கதி மட்டும் பாக்கி இருந்தது. சாயங்காலம் மோகன்ராஜ் கூப்பிட்டார். ஒரு நோட்டீஸ் காலம் தருவார், மரியாதையாக அனுப்புவார் என்று தயாராகப் போனேன்.

"திரும்பி வர்ற பம்ப்பப் பிரிச்சுப் பாத்துக் காரணம் எழுதறதுக்கு ஒரு ஆள் வேணும்னு ஷெர்லின் கேக்கறாங்க. அதுக்குக் காது வேண்டாம், கண்ணும் கையும் போதும்ங்கறாங்க. பம்ப்போட உள்ளும் புறமும் உங்கள மாதிரி தெரிஞ்சவங்க இங்க இல்ல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "உங்க மேல எனக்கு இன்னும் கோபம் போகலீங்க. அது வேற" என்றார்.

"சரீங்க" என்றேன். வெளியே வந்து கைகழுவும் இடத்தில் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டேன். ரொம்ப நேரம்.

ஜூலை 12, வெள்ளி

காது மெஷின் வந்துவிட்டது. இரண்டு கடலைப் பருப்பு அளவுதான். மாட்டியதும் உலகமே என் மேல் விழுந்த மாதிரி ஆகிவிட்டது. செய்தித்தாளைத் திருப்பினால் இடி. கலாவதியின் வளையல், குழாய் சொட்டுவது, என் செருப்பு. ஒரு மணி நேரத்தில் கழற்றிவிட்டேன். பழகும் என்கிறார்கள்.

குழாய் எத்தனை மாதமாகச் சொட்டுகிறது என்று கேட்டேன். "பொங்கலுக்கு முன்னாடியிருந்து சொல்லிட்டு இருக்கேனுங்க" என்றாள். வாஷர் மாற்றினேன்.

ஜூலை 14, ஞாயிறு

சுகன்யாவோடு இருபது நிமிஷம் பேசினேன். நான் தனியாகவே. சம்பந்தியம்மா நடக்கிறார்களாம்.

ஜூலை 30, செவ்வாய்

வேலை பிடித்திருக்கிறது. தனி அறை, கதவைச் சாத்தினால் இரைச்சல் இல்லை, காது மெஷினை நாள் முழுக்க மாட்டிக்கொள்ள முடிகிறது. இதுவரை நாற்பத்தேழு பம்ப் பிரித்தேன். ஜூன் கடைசிக்கு முன்னால் போனவைதான் இன்னும் வந்துகொண்டிருக்கின்றன, என் பச்சை ஸ்டிக்கரோடு. ஒவ்வொன்றையும் திறக்கும்போது கொஞ்சம் வலிக்கிறது. ஆனால் காரணம் எழுதி வைத்தபின் அடுத்ததை எடுக்க முடிகிறது.

போர்டில் ஷெர்லினின் கோடு இறங்க ஆரம்பித்திருக்கிறது. "அவசரப்படாதீங்க சார், இன்னும் நாலு மாசம் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்கிறாள். ஆனால் போர்டைத் தாண்டும்போதெல்லாம் அவளும் ஒரு தடவை பார்த்துக்கொள்கிறாள். நானும்தான்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மதியம் மூன்று மணி இருக்கும். துளசிமணி என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு ஷாஃப்ட். கதவைச் சாத்திவிட்டு மேஜை மேல் வைத்தாள்.

"அண்ணா, இது என் தப்புங்க. புஷ் நல்லா இருக்குது. சைஸ் மாறி வேற பேரிங்க ஏத்திட்டேன். டப்பா ரெண்டும் ஒரே நிறமுங்க, பாக்காம எடுத்துட்டேன். பதினாலு பம்ப் அப்படிப் போயிருக்கும்."

"வெளிய போயிருச்சா?"

"இல்லீங்ண்ணா. பெயிண்ட்ல நிக்குது. நான் போயி எல்லாத்தையும் தனியா வெச்சுட்டு வந்துட்டேன்."

போனில் ஷெர்லினைக் கூப்பிட்டேன். அவள் ஓடி வந்தாள். மூன்று பேரும் உட்கார்ந்து எழுதினோம்: எத்தனை மணிக்கு, எந்த டப்பா, ஏன் மாறியது. இனி இரண்டு அளவுக்கும் வேறு நிறத்தில் டப்பா கேட்பது என்று முடிவு. ஷெர்லின், "நீங்களே வந்து சொன்னதுனாலதான் பதினாலோட நின்னுச்சு" என்றாள்.

அந்த நேரம் பார்த்து மோகன்ராஜ் கதவைத் திறந்தார். மூன்று பேர் தலையையும் மேஜை மேல் கிடந்த ஷாஃப்டையும் பார்த்தார்.

"என்னாச்சுங்க?"

நான் பேசப் போனேன். துளசிமணி முந்திக்கொண்டாள். "நான் பேரிங்க மாத்தி ஏத்திட்டேனுங்க. பதினாலு பம்ப். எல்லாத்தையும் புடிச்சுட்டோமுங்க."

அவர் ஷாஃப்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஷெர்லின் எழுதிய தாளைப் படித்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"டப்பா எப்பங்க வரும்?"

"நாளைக்கே வாங்கிரலாம் சார்" என்றாள் ஷெர்லின்.

"சரீங்க" என்று தாளை மேஜையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

துளசிமணி கண்ணை மூடி, நீளமாக, மெல்ல ஒரு மூச்சு விட்டாள்.

எனக்குக் கேட்டது.